கேளாமல் எடுத்ததும் சொல்லாமல் வைத்ததும்

பினாங்குத் தீவில் பிறந்து உலக வைத்திய சரித்திரத்தில் இடம் பெற்றவர்களை எண்ணத் தொடங்கினால், முதல் விரலை மடக்கும்போதே நினைவுக்கு வருகிறவர் டாக்டர் வூ லியன் டே. 1879ஆம் ஆண்டில் ஜார்ஜ் டவுனில் ஒரு பொற்கொல்லரின் மகனாகப் பிறந்து, பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்து, அரசியாரின் உபகாரச் சம்பளம் பெற்றுக் கேம்பிரிட்ஜ் சென்று வைத்தியரான அவர், 1910 டிசம்பர் மாதக் கடுங்குளிரில், சீன அரசாங்கத்தின் கட்டளையை ஏற்று மஞ்சூரியாவிலுள்ள ஹார்பின் நகரை அடைந்தபோது, அங்கே ஜனங்கள் காய்ச்சல் கண்டு, இரத்தம் உமிழ்ந்து, இரண்டொரு நாளில் கூட்டம் கூட்டமாக மடிந்துகொண்டிருந்தார்கள். நோய் இன்னதென்று நிச்சயிக்க வேண்டுமானால் இறந்தவரின் சரீரத்தைத் திறந்து பார்க்க வேண்டும். அதற்கோ அந்நாட்டு ஆசாரமும் இடங்கொடுக்கவில்லை, சட்டமும் இடங்கொடுக்கவில்லை.

டிசம்பர் 27ஆம் தேதி, ஃபூஜியாதியான் என்ற சீனர் குடியிருப்பில், தங்கும் விடுதி ஒன்றைச் சேர்ந்த ஜப்பானியப் பெண் ஒருத்தி அந்த நோயால் இறந்துபோனாள். டாக்டர் வூ இரகசியமாக அவள் உடலைத் திறந்தார். இதயத்திலிருந்து சிறிது இரத்தம் எடுத்துக் கிருமியை வளர்க்கும் குழாய்களில் இட்டார். நுரையீரலிலும் மண்ணீரலிலும் ஈரலிலும் சிறு சிறு துண்டுகளை அறுத்து ஃபார்மலின் திரவத்தில் போட்டார். பிறகு உடலைத் தைத்து, ஆடை உடுத்தி, பெட்டியில் வைத்து அடக்கத்துக்கு அனுப்பினார். அந்தத் துண்டுகளிலே பிளேக் கிருமி தெரிந்தது. நோய் எலியின் வழியாகவன்று, மனிதனின் மூச்சின் வழியாகவே பரவுகிறது என்ற முடிவுக்கு அவர் வந்ததும், துணியால் முகமூடி தைத்து எல்லோரையும் அணியச் செய்ததும், நோயாளிகளைப் பிரித்து வைத்ததும், ஏறக்குறைய 60,000 உயிர்களைப் பலிகொண்ட அந்தக் கொள்ளைநோய் மறு வசந்தத்துக்குள் அடங்கிப்போனதும் உலகம் அறிந்த வரலாறு.

ஆனால் அந்த வரலாற்றில் இரு செய்கைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். உறைந்த பூமியில் புதைக்க முடியாமல் குவிந்து கிடந்த 2,000க்கு மேற்பட்ட சவங்களை எரிக்க வேண்டியிருந்தபோது, அவர் சக்கரவர்த்தியின் ஆணையை வேண்டிப் பெற்று, 1911 ஜனவரி 31ஆம் தேதியே தீ மூட்டினார். கூட்டத்துக்கு அனுமதி வேண்டினார். தனி ஒருத்திக்கு அது இயலவில்லை. உலகமே கடன்பட்டிருக்கும் அவளை அநேக வரலாற்று நூல்கள் ‘ஜப்பானியப் பெண்’ என்று மாத்திரம் குறித்துவிட்டு மேலே செல்கின்றன. கொள்ளைநோய் வாசலில் நிற்கும்போது சம்மதத்துக்காகக் காத்திருக்க முடியாதென்ற நியாயத்தை யாரும் மறுக்கமாட்டார்கள். நம் ஊரின் பெருமைக்குரிய மகனைக் குற்றக் கூண்டில் ஏற்றுவது இங்கே நோக்கமுமன்று. கேட்க முடியாத சமயங்கள் வைத்தியத்தில் உண்டு என்பதற்கு அவர் செய்கை ஒரு சான்று. கேட்க முடிந்தும் கேளாமல் விட்ட சமயங்களும், எடுத்த பிறகு சொல்லவும் மனமில்லாமல் போன சமயங்களும் எத்தனை, அவற்றின் பாரத்தைச் சுமந்த குடும்பங்கள் எவை என்பதே நம் விஷயம்.

இதற்கு ஐந்து வருஷங்களுக்கு முன், நம்முடைய மலாயாவிலேயே, கோலாலம்பூர்ப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் ஒரு பரிசோதனை நடந்தது. அக்காலத்தில் பெரிபெரி என்னும் நோய் சுரங்கங்களிலும் சிறைகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் புகுந்து, கால்களை வீங்கவும் மரக்கவும் வைத்து, கடைசியில் இதயத்தை நிறுத்திக் கொன்றுகொண்டிருந்தது. நெகிரி செம்பிலானில் அரசாங்க வைத்தியராயிருந்த பிராடன் என்பவர் ஒரு விந்தையைக் கவனித்திருந்தார்: தீட்டிய பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளர்களைப் பிடித்த அந்த நோய், புழுங்கலரிசிச் சோறு உண்ட தமிழர்களை அநேகமாக அண்டவேயில்லை. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு எவ்வளவு தீட்டினாலும் அது முழுவதும் போவதில்லை. இந்த உண்மையும், அந்தச் சத்துக்கு வைட்டமின் பி1 என்ற பெயரும் பின்னால் வந்தவை. அரிசியா, இடமா, தொற்றா என்பதே அன்றைய வாதம்.

வாதத்தைத் தீர்க்க முனைந்தவர் டாக்டர் வில்லியம் ஃப்ளெட்சர். 1905 டிசம்பரில், ஆஸ்பத்திரியின் சாப்பாட்டுக் கொட்டகையில் நோயாளிகளை வரிசையாக நிற்கவைத்து, இடப்பக்கத்திலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார்கள். ஒற்றைப்படை எண்ணில் நின்றவர்கள் முற்றத்தின் கிழக்குப் பக்கக் கட்டடத்துக்குப் போனார்கள். முன்பு உண்ட சயாம் பச்சரிசியே அவர்களுக்குத் தொடர்ந்தது. இரட்டைப்படையில் நின்றவர்கள் மேற்குக் கட்டடத்துக்குப் போனார்கள். அவர்களுக்கு இந்தியப் புழுங்கலரிசி. மற்ற உணவில் வித்தியாசம் இல்லை. ஒரு வருஷம் கழிந்து கணக்குப் பார்த்தபோது, பச்சரிசி உண்ட 120 பேரில் முப்பதுக்கு மேற்பட்டவர்கள் பெரிபெரியால் பீடிக்கப்பட்டிருந்தார்கள். 18 பேர் இறந்துபோயிருந்தார்கள். புழுங்கலரிசி உண்ட 123 பேரில் அந்நோயால் ஒருவரும் இறக்கவில்லை.

பரிசோதனைச் சாஸ்திரத்தின் கண்கொண்டு பார்த்தால், இது அந்தக் காலத்துக்கு மிகச் சிறந்த முறை. இரு கூட்டத்தையும் ஓரவஞ்சனையில்லாமல் பிரித்ததற்காக இன்றும் அதை மேற்கோள் காட்டுகிறார்கள். அதனால் பிழைத்தவர்களின் தொகை கணக்கில் அடங்காது. ஆயினும், கொட்டகையில் ஓர் அடி தள்ளி நின்றிருந்தால் பிழைத்திருக்கக்கூடிய 18 பேருக்கும் எங்கேயோ ஒரு தாய், ஒரு மனைவி, ஒரு தம்பி இருந்திருப்பார்கள் அல்லவா? சித்தம் கலங்கியவனிடம் சம்மதம் கேட்பது அர்த்தமற்றது என்று அன்று எண்ணியிருக்கலாம். உறவினருக்குச் சொல்வதில் என்ன தடை இருந்தது? இந்தப் பரிசோதனையைப் பற்றி நாம் படிக்கும் வரலாறுகளில் அரிசியின் பெயர் வருகிறது, கட்டடத்தின் திசை வருகிறது, எண் வருகிறது. உற்றார் எங்கும் வருவதில்லை.

இனி, உலகம் முழுவதும் பேசப்படும் வழக்குக்கு வருவோம். அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரிக்கு, 1951 ஜனவரி கடைசியில், ஹென்றியேட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண் வந்தாள். வயது முப்பது, புகையிலை வயலில் உழைத்து வளர்ந்தவள், ஐந்து பிள்ளைகளின் தாய். அவளுக்குக் கருப்பைக் கழுத்தில் புற்றுநோய் என்று கண்டார்கள். மயக்கமருந்து கொடுத்து ரேடியம் வைப்பதற்கு முன், கட்டியிலிருந்து ஒரு சிறு துண்டும், நோயில்லாத பகுதியிலிருந்து ஒரு சிறு துண்டும் நறுக்கி எடுத்து, ஜார்ஜ் கை என்ற ஆராய்ச்சியாளரின் கூடத்துக்கு அனுப்பினார்கள். அவளிடம் கேட்கவில்லை, அந்த ஆஸ்பத்திரியில் அக்காலத்தில் அப்படிக் கேட்கும் வழக்கமும் இல்லை. கூடத்தில் வேலை செய்த மேரி குபிசெக் என்ற பெண் அத்துண்டுகளைக் குழாய்களில் இட்டு, பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘ஹீலா’ என்று எழுதி வைத்தாள். நல்ல பகுதியின் உயிரணுக்கள் மற்றவற்றைப் போலவே சில நாட்களில் மடிந்தன. கட்டியின் உயிரணுக்களோ நாளுக்கு ஒரு முறை இரட்டித்து, இரட்டித்து, குழாய்களை நிறைத்தன. அதுவரை எந்த மனித உயிரணுவும் சரீரத்துக்கு வெளியே அவ்வாறு ஓயாமல் வாழ்ந்ததில்லை. அவ்வருஷம் அக்டோபர் 4ஆம் தேதி, 31ஆம் வயதில், ஹென்றியேட்டா இறந்தாள்.

அந்த உயிரணுக்கள் போலியோ தடுப்பு மருந்தைச் சோதிக்க உதவின, உலகத்தின் எண்ணற்ற ஆராய்ச்சிக் கூடங்களுக்குச் சென்றன, விலைக்கும் விற்கப்பட்டன. நமக்கு நெருங்கிய ஒரு பயனையும் சொல்லவேண்டும். ஜெர்மனியில் ஹரால்ட் சுர் ஹவுசன் குழுவினர், கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ் வகைகளில் ஒன்றை 1984ஆம் ஆண்டில் வெளியிட்டபோது, அதன் தடயம் ஹீலா உயிரணுக்களுக்குள்ளேயே இருந்தது தெரியவந்தது. அவ்வழியில் பிறந்த ஞானத்தின் பலனே எச்.பி.வி. தடுப்பூசி. மலேசியாவில் 2010 முதல் இடைநிலைப்பள்ளி மாணவிகளுக்கு அந்த ஊசி இலவசமாகப் போடப்படுகிறது. பினாங்குப் பள்ளியில் கையை நீட்டி நிற்கும் பதின்மூன்று வயதுச் சிறுமியும், அறியாமலே, ஹென்றியேட்டாவுக்குக் கொஞ்சம் கடன்பட்டவள்தான்.

அவளுடைய குடும்பத்துக்கு என்ன கிடைத்தது? ‘ஹீலா’ என்பது ‘ஹெலன் லேன்’ என்ற பெண்ணின் பெயரென்று பல ஆண்டுகள் பத்திரிகைகளில் வந்துகொண்டிருந்தது. தாயின் உயிரணுக்கள் உயிரோடிருக்கின்றன என்ற செய்தியே பிள்ளைகளுக்கு 1973ஆம் ஆண்டில்தான் எட்டியது; அதுவும் யாரும் முறையாக வந்து சொல்லி எட்டவில்லை, தற்செயலான பேச்சொன்றில் எட்டியது. அந்தச் சமயத்திலேயே ஹாப்கின்ஸிலிருந்து ஆட்கள் வந்து குடும்பத்தாரிடம் இரத்தம் எடுத்துச் சென்றார்கள். மற்ற உயிரணு வளர்ப்புகளில் ஹீலா கலந்துவிட்டதைக் கண்டுபிடிக்க, அக்குடும்பத்தின் மரபு அடையாளம் ஆராய்ச்சியாளர்களுக்குத் தேவைப்பட்டது. மகள் டெபோராவோ, தாயைக் கொன்ற நோய் தனக்கும் இருக்கிறதா என்று சோதிக்கிறார்களென்று நம்பி, முடிவு வருமென்று காத்திருந்தாள். அப்படி ஒரு சோதனை நடக்கவில்லை. ஆகவே முடிவும் வரவில்லை. தாயின் உயிரணுவால் உலகமெங்கும் வைத்தியம் வளர்ந்துகொண்டிருக்க, வைத்தியச் செலவுக்கு வழியில்லாமல் அவள் பிள்ளைகள் தவித்தது இந்தக் கதையின் மிகக் கசப்பான பகுதி.

ஒரு நோயாளியின் சம்மதப் பிரச்சினை குடும்பத்தின் பிரச்சினையாக ஏன் மாறுகிறது என்பதைச் சற்று விளக்கவேண்டும். அநேகமாக உயிரணு ஒவ்வொன்றிலும் மரபுச் செய்தி முழுவதும் அடங்கியிருக்கிறது. அதில் பாதி தாயினுடையது, பாதி தந்தையினுடையது. அதிலிருந்து ஒரு பாதி பிள்ளைக்குப் போகிறது. ஆகையால் ஒருவருடைய உயிரணுவை முழுவதும் படித்து அச்சிட்டுவிட்டால், கூட்டுக் குடும்பத்தின் சொத்துப் பத்திரத்தை ஒரு பங்காளியின் பெயரில் வாங்கித் தெருவில் ஒட்டியதுபோல் ஆகிவிடும். 2013 மார்ச்சில் ஜெர்மனியிலுள்ள விஞ்ஞானிகள் ஹீலாவின் மரபுத் தொகுதியை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டபோது இதுதான் நடந்தது. குடும்பத்தார் ஆட்சேபித்தார்கள், அது திரும்பப் பெறப்பட்டது. அவ்வருஷம் ஆகஸ்டில் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் அவர்களோடு உட்கார்ந்து பேசி, அந்தத் தகவலை யார் பார்க்கலாம் என்று தீர்மானிக்கும் குழுவில் குடும்பத்தினர் இருவருக்கு இடம் கொடுத்தது. 2023ஆம் ஆண்டில், அந்த உயிரணுக்களை வைத்து வியாபாரம் செய்த தெர்மோ ஃபிஷர் என்ற பெரிய கம்பெனி, குடும்பத்தார் தொடுத்த வழக்கைச் சமரசமாக முடித்துக்கொண்டது, தொகை வெளியிடப்படவில்லை. சட்டமோ இன்னும் தயங்கியே நடக்கிறது. தம் மண்ணீரலிலிருந்து வளர்த்த உயிரணுக்களுக்கு, மருத்துவரைக் கண்டுபிடிப்பாளராகக் காட்டிக் காப்புரிமை பெறப்பட்டதை எதிர்த்து ஜான் மூர் என்பவர் தொடுத்த வழக்கில், கலிஃபோர்னியா உச்சநீதிமன்றம் 1990ஆம் ஆண்டில் கூறிய தீர்ப்பு இது: எடுக்கப்பட்ட உயிரணுவின் மீது நோயாளிக்குச் சொத்துரிமை இல்லை, ஆனால் அதில் தமக்குள்ள ஆதாயத்தை மறைக்காமல் சொல்லும் கடமை மருத்துவருக்கு உண்டு.

இவையெல்லாம் அமெரிக்கச் சங்கதிகள் என்று தள்ளிவிட இயலாதபடி, அதே ஜான்ஸ் ஹாப்கின்ஸின் பெயர் அரை நூற்றாண்டு கழித்து நம் பக்கத்திலேயே அடிபட்டது. 1999 கடைசியிலும் 2000ஆம் ஆண்டின் தொடக்கத்திலும், திருவனந்தபுரம் வட்டாரப் புற்றுநோய் மையத்துக்கு வந்த வாய்ப்புற்றுநோயாளிகள் 26 பேரின் கட்டிகளில், ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்து உயிரியலாளர் ரூ சி ஹுவாங் என்பவரின் ஆராய்ச்சிக்காகப் புதிய இரசாயனங்கள் ஊசிமூலம் செலுத்தப்பட்டன. தங்களுக்குச் செய்யப்படுவது தேர்ந்த சிகிச்சையன்று, முற்றாத ஒரு பரிசோதனை என்பது நோயாளிகளுக்கு விளங்கும்படி சொல்லப்படவில்லை. விஷயத்தை வெளியே கொண்டுவந்தவர் அதே மையத்தின் மருத்துவரான வி. என். பட்டதிரி. 2001ஆம் ஆண்டில் ஹாப்கின்ஸ் விசாரணை நடத்தி, முறையான அனுமதியும் போதிய முன்சோதனையும் இல்லாமல் இது நடந்ததென்று ஒப்புக்கொண்டு, மனிதரை வைத்துச் செய்யும் ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்குவதிலிருந்து அந்த விஞ்ஞானியை விலக்கியது. 1947ஆம் ஆண்டின் நியூரம்பர்க் நெறியும், 1964ஆம் ஆண்டின் ஹெல்சிங்கி பிரகடனமும் உலகம் அறிந்த பின்னரே இது நடந்தது என்பதை மறக்கலாகாது. ஏட்டில் விதி இருப்பதால் மட்டும் எளிய நோயாளிக்குக் காவல் கிடைத்துவிடுவதில்லை.

நம் பினாங்கில் நிலைமை என்ன? ஆஸ்பத்திரியில் ஒரு கட்டியை அறுத்தெடுத்தால், அதை ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, முடியைவிட மெல்லிய தகடுகளாகச் சீவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். பார்த்து முடிந்த பிறகும் மெழுகுக் கட்டி மிஞ்சுகிறது; நோய் திரும்பினால் மறுபடி ஒப்பிட்டுப் பார்க்க அதைப் பல ஆண்டுகள் பத்திரப்படுத்துகிறார்கள். இதில் தவறில்லை; நன்மையே உண்டு. அந்த மிச்சத்தை ஆராய்ச்சிக்கு எடுக்கவேண்டுமானால் ஒழுக்கவியல் குழுவின் இசைவு வேண்டும். சுகாதார அமைச்சுக்கு மருத்துவ ஆராய்ச்சி ஒழுக்கவியல் குழு இருக்கிறது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்துக்குத் தனிக் குழு இருக்கிறது. நோயாளி இன்னாரென்று தெரியாதபடி பெயரை நீக்கிவிட்டால், தனித்தனியே சம்மதம் பெறுவதிலிருந்து சில ஆராய்ச்சிகளுக்குக் குழு விலக்கும் அளிக்கலாம். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் அரசாங்கங்களைக் கட்டுப்படுத்தாது என்பதையும், ஆகவே அரசாங்க ஆஸ்பத்திரியின் பதிவேடுகளுக்கு அச்சட்டத்தின் காவல் இல்லை என்பதையும் வாசகர்கள் அறிந்திருப்பது நல்லது.

சட்டத்துக்கும் அப்பால், நம் குடும்பங்களில் வேரூன்றிய வழக்கம் ஒன்று உண்டு. புற்றுநோய் என்று தெரிந்ததும், மூத்த மகன் மருத்துவரைத் தனியே அழைத்துப் போய், “டாக்டர், அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லிடாதீங்க, தாங்கமாட்டாங்க” என்கிறான். மலாயிலோ ஆங்கிலத்திலோ அச்சிட்ட தாளை அவனே வாங்கி, அவசரத்தில் பாதி படித்து, தாயின் விரலை நகர்த்திக் கையெழுத்திடவேண்டிய இடத்தைக் காட்டுகிறான். “என்னடா ஐயா இது?” என்று அவள் கேட்டால், “ஆஸ்பத்திரி ஃபாரம்மா, போடுங்க” என்பதே பதில். பாசத்தால் செய்வதுதான், ஆயினும் அந்த நேரத்தில் அவள் சரீரத்தைப் பற்றி அவளைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. ஆராய்ச்சியாளர்கள் லாக்ஸ் குடும்பத்துக்குச் செய்ததை, நாமே நம் வீட்டுக்குள் நம் பெரியவர்களுக்குச் செய்கிறோம் என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். ஆனால் அது மெய். மருத்துவமனை கேட்கத் தவறுவதும் குடும்பம் சொல்லத் தவறுவதும் ஒரே அவமதிப்பின் இரு முகங்கள்.

“ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டிருந்தால் ஆராய்ச்சி எப்போது நடக்கும்?” என்று கேட்பவர்கள் உண்டு. அதற்கு விடை இந்நாட்டிலேயே இருக்கிறது. மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் 2006ஆம் ஆண்டு முதல் நாடெங்கும் சென்று, மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்று எல்லா இனத்தாரிடமும் விஷயத்தை விளக்கி, ‘மலேசியன் கோஹோர்ட்’ என்ற நீண்டகால ஆய்வுக்கு ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டவர்களைச் சேர்த்தது. அவர்கள் தங்கள் இரத்தத்தையும் நோய் விவரங்களையும் மனமுவந்து கொடுத்தார்கள். தமிழ் ஜனங்கள் கண்தானத்துக்கும் இரத்ததானத்துக்கும் கை தூக்குகிறவர்கள். அறிவுக்காக ஒரு துண்டுச் சதையைக் கேட்டால் மறுப்பவர்கள் சிலரே. கொடுப்பவனைக் கொடையாளி என்று மதிக்காமல் வெறும் கச்சாப்பொருளாக எண்ணும்போதுதான் மனம் புண்படுகிறது.

ஆகவே இனி ஒரு தாளில் கையெழுத்திடுமுன் நாம் கேட்கவேண்டியவை சில. எடுப்பது என் சிகிச்சைக்கா, ஆராய்ச்சிக்கா? மிச்சத்தை எவ்வளவு காலம் வைப்பீர்கள்? வேறு நாட்டுக்கோ கம்பெனிக்கோ அது போகுமா? என் பிள்ளைகளுக்குப் பொருந்தும் நோய்ச் செய்தி ஏதேனும் தெரியவந்தால் எங்களுக்குச் சொல்வீர்களா? வேண்டாமென்று பின்னால் நினைத்தால் விலகலாமா, விலகினால் என் சிகிச்சை குறையுமா? இவற்றைத் தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்பது சலுகை வேண்டுவதன்று, உரிமை. நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்காமல் பெற்ற ஒப்புதல், ஒப்புதல் என்ற பெயருக்கே தகுதியற்றது.

மருத்துவ நிலையங்களுக்கும் ஒரு வார்த்தை. ஹார்பினில் நேர்ந்ததுபோலக் கேட்பதற்கு அவகாசமில்லாத நெருக்கடி இனியும் வரும். அப்போது எடுத்ததை எவரும் பழிக்கமாட்டார்கள். சொல்வதற்கு அவகாசமில்லாத நெருக்கடியென்று ஒன்று எந்நாளும் வந்ததில்லை. அடுத்த மாதம் சொல்லலாம், அடுத்த வருஷம் சொல்லலாம். இறந்தவருக்குச் சொல்ல முடியாததைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். லாக்ஸ் குடும்பம் 22 ஆண்டுகள் காத்திருந்தது விஞ்ஞானத்தின் முன்னேற்றத்துக்கு அவசியமாக இருக்கவில்லை. ஒரு கடிதம் எழுதியிருந்தால் ஹீலாவின் ஓர் உயிரணுகூடக் குறைந்திருக்காது. நோயாளியின் சரீரத்திலிருந்து ஞானம் பெறும் ஒவ்வொரு நிலையமும், அந்த ஞானத்தின் செய்தியை அவர் வீட்டுக்கு அனுப்புவதையும் தன் வேலையின் ஒரு பகுதியாகக் கொள்ளவேண்டும். அதற்கு ஆள் நியமிக்கவேண்டும், செலவும் ஒதுக்கவேண்டும்.